ஒன்பது பேரிடம் வாங்கிய சாவி

எங்கள் கால்பந்து கிளப்பின் ஆண்டு மலருக்கு, மைதானத்தில் நான் கோடு போட்ட கதையை எழுதித் தரும்படி செயலாளர் இளங்கோ கேட்டார். ஒரு பக்கம் போதும் என்றார். முப்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஒரு பக்கம் எப்படிப் போதும் என்று நான் கேட்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், நாளாகும் என்று மட்டும் சொன்னேன். பிழை இருந்தால் அவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்கக் கூடாது.

அவர் அன்றைக்கு வந்தது அதற்கு மட்டும் இல்லை. மலர் பேச்சு முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னொன்னு. செல்வம் அண்ணன்கிட்ட ஸ்டோர் ரூம் சாவி இருக்கு. நீங்க போயி வாங்கிட்டு வந்துருங்களேன்."

"நான் வேலைய விட்டு ஒரு வருஷமாச்சு தம்பி."

"தெரியும்மா. முன்னெல்லாம் நீங்கதான் வாங்குவீங்கன்னு சொன்னாங்க. நீங்க கேட்டா அவருக்கு அவ்வளவா வருத்தம் இருக்காது."

எனக்கு விளங்கிவிட்டது. செல்வம் எங்கள் கிளப்பின் கோச். இந்த வருஷம் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. எங்கள் கிளப்பில் சாவி கேட்பது பூட்டைத் திறப்பதற்காக இல்லை, கோச்சை வீட்டுக்கு அனுப்புவதற்காக. அப்படி ஒன்பது பேரிடம் நான் போய்ச் சாவி வாங்கியிருக்கிறேன். பத்தாவது ஆளிடம் என்ன நடந்தது என்பதை இளங்கோவை உட்கார வைத்துச் சொன்னேன். சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாயவரம் பக்கம், குத்தாலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். நான் நடவு ஆளாக இருந்தவள். கயிறு பிடித்து வரிசையாக நடும் முறை வந்தபோது மற்றவர்கள் கயிற்றைப் பார்த்து நட்டார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. உரக்கடை வைத்திருந்த கிளப் தலைவர் ஒரு நாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "சொர்ணம், நம்ம கிரவுண்டுல வந்து கோடு போடுறியா? இப்ப போடுறவன் போட்டா வாய்க்கா மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போவுது" என்றார். அப்படித்தான் அங்கே போனேன். பந்து உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் அந்த விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் கோச் ஒரு காகிதத்தில் படம் போட்டு அளவெல்லாம் எழுதிக் கொடுத்தார். நான் அதை நம்பராக வைத்துக்கொள்ளவில்லை, கயிற்றில் முடிச்சாக வைத்துக்கொண்டேன். பெரிய கட்டத்துக்கு ஒரு முடிச்சு, சின்னக் கட்டத்துக்கு ஒன்று, நடு வட்டத்துக்கு ஒன்று. வேதாரண்யம் பக்கமிருந்து வரும் கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சலித்து, அடியில் ஓட்டை போட்ட பால் டின்னில் நிரப்பிக்கொள்வேன். பனி காய்ந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். ஈரப் புல்லில் சுண்ணாம்பு கட்டி கட்டியாக விழும். மற்றவர்கள் முன்னால் பார்த்து நடந்துகொண்டே தூவுவார்கள். போட்டது முதுகுக்குப் பின்னால் போய்விடும், கோணினது தெரியாது. நான் நாற்று நடுகிற மாதிரி பின்னால் நடந்து போடுவேன். போட்டதெல்லாம் கண் முன்னால் கிடக்கும். வெளியூர் நடுவர்கள் டேப் பிடித்து அளந்துவிட்டு, "யாரு போட்டது?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். தலைவர் சொல்வார். கேட்டுக்கொண்டு நிற்பேன்.

தலைவரைப் பற்றிச் சொல்லாமல் சாவியைப் பற்றிச் சொல்ல முடியாது. நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் தோல்வி அவருக்கு ஆகாது. நடுக்கோட்டுக்கு நேராக நாற்காலி போட்டு உட்காருவார். எதிரணி ஒரு கோல் போட்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டாக மடிப்பார். இன்னொரு கோல் விழுந்தால் நாலாக மடிப்பார். துண்டு உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டால் திங்கட்கிழமை காலையில் எனக்கு ஆள் வரும். கடைக்குப் போவேன். மோர் குடித்துக்கொண்டிருப்பார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்பார்.

"சொர்ணம், சாவி எங்க இருக்கு?"

அவ்வளவுதான். சாவி கோச்சிடம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருத்தரை நேருக்கு நேர் போகச் சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் என் கால் நடந்தது.

அதையும் நான் முறையாகத்தான் செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் போக மாட்டேன். பிள்ளைகள் எதிரில் கேட்க மாட்டேன். மைதானத்துக் கொட்டகையில் அந்தக் கோச் விட்டுவைத்த துண்டு, செருப்பு எதுவானாலும் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அதை எடுக்க அவர் இன்னொரு தடவை மைதானத்துக்கு வந்து நிற்கும்படி ஆகக் கூடாது. மஞ்சள் பையோடு நான் போனால் கடைத்தெருவே பேச்சை நிறுத்தும்.

"யாரு வீட்டுக்கு அத்தை?"

"உன் வீட்டுக்கு இல்ல. நீ டீயக் குடி."

ஒருத்தர் என்னைப் பார்த்ததும், "வருவீங்கன்னு தெரியும், காபி போடச் சொல்லிட்டேன்" என்றார். குடித்துவிட்டுத்தான் வாங்கினேன். இன்னொருத்தர் சாவி தொலைந்துவிட்டது என்று சாதித்தார். அவர் மனைவி அரிசி டிரம்முக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். ஒருத்தர் விளையாடுகிற பிள்ளைகளைக் குச்சியால் அடிப்பார். அவரிடம் மட்டும் நான் ஓடிப்போய் வாங்கினேன், சாப்பாட்டு நேரம்கூடப் பார்க்கவில்லை. எல்லாக் கோச்சும் இருக்க வேண்டியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது பேர். அதில் பாதிப் பேருக்குப் பிள்ளைகளின் பெயரே பாடமாகியிருக்காது.

வருகிறவருக்கெல்லாம் தான் வந்திருப்பது ஊருக்குத் தெரிய வேண்டும். கிழக்கு மேற்காக இருந்த கோல் போஸ்டை, சாயங்கால வெயில் கோல்கீப்பர் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி ஒருத்தர் வடக்கு தெற்காக மாற்றினார். அடுத்தவர் மைதானத்துக்கு நீளம் போதாது என்றார். அதற்கடுத்தவர் நீளம் அதிகம், பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குகிறது என்றார். அப்போதெல்லாம் சவுக்குக் கம்பம்தான். பிடுங்குவது, நடுவது, பழைய குழியை மூடுவது எல்லாம் என் வேலை.

வாய்க்கால் தூர் வாரிக் கரையில் கொட்டியிருக்கும் வண்டலைக் கூடையில் அள்ளிவந்து குழிகளை மூடினேன். கறுப்பாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்து அதைவிட உசந்த மண் கிடையாது. பத்து நாளில் அந்த இடத்தில் மட்டும் புல் பச்சைப் பசேல் என்று எழும்பும். எனக்குப் பெருமையாக இருக்கும். மண்ணைப் பயிருக்காகவே பார்த்துப் பழகினவள் நான். அதன் மேல் ஆள் ஓடுவான் என்பதை நினைக்கவில்லை. வெயில் காலத்தில் அது மற்ற மண்ணைப் போலக் காய்ந்து கிடக்கும். மழை பெய்தால் மேலே ஆடை கட்டி, அடியில் கூழாக நிற்கும்.

பத்தாவதாக வந்தவர் சாமுவேல் சார். தரங்கம்பாடிக்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்துத் தங்கினார். அவர் வந்த முதல் நாள் நான் கடப்பாரையோடு தயாராக நின்றேன்.

"கோடு போடுறது நீங்களாக்கா?"

"ஆமா சார். எந்தப் பக்கம் மாத்தணும், சொல்லுங்க."

"எதுக்கு மாத்தணும்? நல்லாத்தான இருக்கு."

கடப்பாரையைக் கொண்டுபோய்க் கொட்டகையில் சாத்தினேன்.

அவர் பழைய ஆட்களை உட்கார வைத்துவிட்டுச் சின்ன வயசுப் பிள்ளைகளை இறக்கினார். மூன்று வருஷம் கொடுங்கள் என்று தலைவரிடம் கேட்டார். தலைவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதல் ஆறு ஆட்டமும் தோற்றார்கள். துண்டு சின்னதாகிக்கொண்டே வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தன் இடது ஓரத்தில் ஓட ஆரம்பித்தால் தலைவரின் கை துண்டை மறந்துவிடும். அவன்தான் செல்வம். எங்கள் தெருப் பிள்ளை. பதினேழு வயது. என்னை அத்தை என்று கூப்பிடுவான்.

ஏழாவது ஆட்டம் ஐப்பசியில் நடந்தது. இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்திருந்தது. நான் இடது ஓரத்தில் சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். செல்வம் பந்தோடு என் பக்கமாக ஓடி வந்தான். பக்கத்தில் எதிராளி யாரும் இல்லை. திடீரென்று விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் கீழே கிடந்தான். கால் மட்டும் கணுவுக்கு மேல் வரை மண்ணுக்குள் இருந்தது. கிழக்கு மேற்காக இருந்த காலத்தில் கோல் போஸ்ட் நின்ற இடம் அது. மைதானத்தைத் திருப்பியதில் ஓரத்துக்கு வந்திருந்தது. அங்கேதான் புல் எல்லாவற்றையும்விடப் பச்சையாக இருந்தது.

ஊர் என்ன பேசியது தெரியுமா? "ஈர கிரவுண்டுல புள்ளைய ஓடவிட்டுக் கால ஒடிச்சுட்டான் கோச்சு." திங்கட்கிழமை எனக்கு ஆள் வந்தது. தலைவர் மோரைத் தொடவில்லை.

"நல்ல புள்ள. கால் போச்சு" என்றார். பிறகு, "சொர்ணம், சாவி எங்க இருக்கு?"

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு அந்த மைதானம்தான் எனக்கு எல்லாம். நடுவர் கேட்கும்போது தலைவர் என் பெயரைச் சொல்வாரே, அதையும் நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாமுவேல் சார் மாயவரம் ஆஸ்பத்திரியில் செல்வத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். செல்வம் கட்டுப் போட்ட காலோடு தூங்கிக்கொண்டிருந்தான். சார் முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் பையைப் பார்த்தார். ஓசைப்படாமல் எழுந்து வராந்தாவுக்கு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்கக்கா. பஸ்ஸுல கூட்டமா? நின்னுக்கிட்டா வந்தீங்க?"

என் கை எழவில்லை.

"சார், அது நான் மூடின குழி சார்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னைக்கே கைய விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் போச்சு. வண்டல்தான?"

"அப்ப ஏன் சார் அய்யாகிட்ட சொல்லல?"

அவர் சாவியை என் பையில் போட்டார். "எனக்கு இந்த ஊரு இல்லன்னா இன்னொரு ஊரு. உங்களுக்கு இந்த கிரவுண்டுதான இருக்கு. கெளம்புங்கக்கா, அவன் முழிச்சா உங்களப் பார்த்து அழுவான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. நான் உட்காரவில்லை.

நேரே உரக்கடைக்குப் போனேன். "அய்யா, சாவி பையில இருக்கு. குடுக்க மாட்டேன். நீங்க கிரவுண்டுக்கு வாங்க" என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் அவரை எங்கேயும் வரச் சொன்னதில்லை. என்ன தோன்றியதோ, எழுந்து வந்தார்.

"அந்தப் பச்சையா இருக்குற எடத்துல நில்லுங்கய்யா. செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்களேன்."

செருப்பைக் கழற்றாமலே நின்றார். கணுக்கால் வரை உள்ளே போனது. வெள்ளை வேட்டியின் கரை கறுப்பானது. காலை இழுத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

"என்ன சொர்ணம் இது?"

"நான் வண்டல் போட்டு மூடின குழிய்யா. செல்வம் கால் இதுலதான் போச்சு. சாமுவேல் சார் மேல ஒண்ணுமில்ல. யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

அவர் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

ஒவ்வொன்றாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இது காபி குடுத்தவரு மாத்தச் சொன்னது. இது ரெண்டும் அரிசி டிரம்முல சாவிய ஒளிச்சவரு காலத்துது. அந்தா அது குச்சியால அடிப்பாரே, அவரு." பதினோரு இடம். காட்டக் காட்டத் தலைவர் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்தார். மடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். குனிந்து காலைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

"நீங்க சாவி எங்க இருக்குன்னு மட்டும்தானய்யா கேட்டீங்க."

நான் என் பிழைப்பு முடிந்தது என்று நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் தலைவர், "சாவிய அவருகிட்டயே குடுத்துடு" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "செங்கல் துண்டும் செம்மண்ணும் அனுப்புறேன். நீயே நின்னு போடு. செருப்ப எடுத்துக் கழுவிக் குடுத்தனுப்பு" என்றார்.

பதினோரு குழியையும் தோண்டி, வண்டலை அள்ளி, செங்கல் துண்டு போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தோம். சாமுவேல் சாரும் இடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செல்வம் கட்டுக் காலை ஒரு மூட்டை மேல் நீட்டிக்கொண்டு, "அத்தை, அந்த ஓரம் இன்னும் அமுங்குது" என்று எங்களை வேலை வாங்கினான். அவன் காலைப் பார்க்க எனக்குத் தைரியம் வர ஒரு மாசம் ஆனது. குழி என்னுடையது என்று நானே அவனிடம் சொன்னேன். "தெரியும் அத்தை, சார் சொன்னாரு. அடுத்த தடவை குழில நெல்லு போட்ருங்க, சாப்பாட்டுக்காவது ஆவும்" என்றான்.

அடுத்த வருஷமும் தோற்றார்கள். அதற்கடுத்த வருஷமும் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு திங்கட்கிழமை எனக்கு ஆள் வந்தது. போய் நின்றேன்.

"சொர்ணம்..." என்று ஆரம்பித்தார் தலைவர். நிறுத்தினார். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். "மோரு குடிக்கிறியா?"

குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நாலாம் வருஷம் கோப்பை வாங்கினார்கள். அந்தப் படம் மலரில் வருமாம். சாமுவேல் சார் ஜெயித்ததனால்தான் பதினாறு வருஷம் இருந்தார் என்று இப்போது பேசுகிறார்கள். அவர் இருந்ததனால் ஜெயித்தார்கள். எந்த நாளில் அவர் இருப்பது நிச்சயமானது என்று கேட்டால் நான் அந்த மோரைத்தான் சொல்லுவேன்.

செல்வத்துக்குக் கால் கூடிவிட்டது. பழைய ஓட்டம் மட்டும் திரும்பவில்லை. சார் அவனைப் பின்வரிசையில் ஆட வைத்தார். பிறகு பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வேலை பழக்கினார். வேலையை விட்டுத் தன் மகள் ஊருக்கே போகும்போது சாவியை சாரே செல்வத்தின் கையில் கொடுத்தார். என் பைக்கு வராமல் சாவி கை மாறியது அந்த ஒரு தடவைதான். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது தலைவர் காலம் இல்லை, கமிட்டிதான் முடிவு செய்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு இளங்கோ சொன்னார், "இப்பல்லாம் கோல் போஸ்டு இரும்பும்மா. யாரும் பிடுங்க மாட்டாங்க."

"கோச்ச மட்டும் ஏன் தம்பி பிடுங்குறீங்க?"

"அஞ்சு ஆட்டம் தோத்துருக்கோம்."

"சாமுவேல் சார் ஆறு."

அவர் செல்போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் நான் சொன்னதை அப்படியே சொன்னாராம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்களாம். மிச்சம் இருந்தவர்கள், அடுத்த தைக்கு அடுத்த தை வரை இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். "நீங்களே போய் அவருகிட்ட சொல்லிடுங்கம்மா" என்று இளங்கோ வந்து சொன்னார். செல்வத்துக்கு அதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை பனி காய்ந்ததும் கிளம்பினேன். இப்போது கோடு போடுவது சக்கரம் வைத்த வண்டி. நேராகப் போகிறது, மூலையில்தான் தடுமாறுகிறது. ஆகையால் என் பழைய முடிச்சுக் கயிற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எந்தப் பை என்று யோசிக்கவில்லை. கடைத்தெருவில் பேச்சு நின்றபோதுதான் கையைப் பார்த்தேன். மஞ்சள் பை.

செல்வம் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான். பையைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினான்.

"இந்தாங்க அத்தை. இவ்வளவு தூரம் நடந்தா வந்தீங்க? முட்டி வலிக்கலையா?"

எனக்கு மாயவரம் வராந்தா கண்ணில் வந்து நின்றது.

"எனக்கு எதுக்குடா சாவி? கயிறு கொண்டாந்துருக்கேன். மூலையில கோடு கோணிக் கெடக்கு, நாளைக்கு வர்றவன் என்னைத்தான் சொல்லுவான். கதவத் தொறந்து சுண்ணாம்ப எடு. அடுத்த தைக்கு அடுத்த தை வரைக்கும் உன்னை யாரும் சாவி கேக்க மாட்டாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு."

அவன் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். தினமும் திறக்கிற பூட்டு அன்றைக்கு அவனுக்குத் திறக்க ரொம்ப நேரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

பிறகு அவன் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து மூலையில் உட்கார்ந்தான். நான் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். முட்டி வலித்தது. கோடு நேராகத்தான் வந்தது.